வீடு விற்கப் படம் எடுக்கிறீர்களா?

நம் இல்லங்களில் புகைப்பட ஆல்பங்களுக்குக் குறைவில்லை. திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம், மணிவிழா என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆல்பம் அலமாரியில் இருக்கும். அவற்றை ஒருநாள் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். வீடு எங்கேனும் தென்படுகிறதா? மணமகளின் தோளுக்குப் பின்னால் ஒரு சன்னல், தாத்தாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்புச் சுவர், அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகள் நம்மைத் தாங்கிய வீட்டை, வீட்டுக்காகவே படம் எடுத்து வைத்தவர் நம்மில் அரியர். அதை விற்றாக வேண்டிய நாள் வரும்போதுதான் முதல்முறையாக அதன் முன் நின்று கைப்பேசியை உயர்த்துகிறோம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அந்த நாள் இப்போது பல குடும்பங்களை எட்டியிருக்கிறது. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. 1965இல் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. தெற்கத்திச் சீமையிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள், சங்கத்தில் கடன் வாங்கி, மனைவியின் வளையலை அடகு வைத்து, அரைக் கிரவுண்டு மனை வாங்கிக் கட்டிய வீடுகள் அவை. கட்டியவர்கள் இன்று ஓய்வு பெற்றோ, கண் மூடியோ விட்டனர். பிள்ளைகள் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கின்றனர். அம்பத்தூரோ 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்து, தரகர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்தால் வீடு விலை போகும் என்றிருந்த காலமும் மாறிவிட்டது. வாங்க நினைப்பவர் முதலில் கைப்பேசியில் படத்தைப் பார்க்கிறார். அந்தப் படம் பிடித்தால்தான் தெருவுக்குள் வருகிறார்.

என் அக்காவின் வீடு அம்பத்தூர் வெங்கடாபுரத்தில் இருந்தது. 1979இல் அத்தான் கட்டியது. ஒரு முன்னறை, இரண்டு படுக்கையறை, பின்னால் கிணறு, ஒரு வேப்பமரம், மொட்டைமாடிக்கு வெளிப்புறப் படிக்கட்டு. அத்தான் காலமானபின் அக்கா தனியாகவே இருந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அதற்கடுத்த ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விலகியது. திருச்சியிலுள்ள மகள் வீட்டோடு போய்விடுவது என்றும், வீட்டை விற்று வரும் தொகையில் மருத்துவத்துக்கும் முதுமைக்கும் ஒரு பங்கை ஒதுக்கிக்கொண்டு மீதியைப் பிள்ளைகள் இருவருக்கும் பிரித்துக் கொடுப்பது என்றும் முடிவாயிற்று.

பெங்களூரில் இருக்கும் மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பதினான்கு படங்கள் எடுத்து, அன்றிரவே வீடு விற்கும் இணையத் தளங்களில் ஏற்றினான். படங்களைக் கண்டு நானே வியந்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி முன்னறை ஏதோ சத்திரத்துக் கூடம்போல் விரிந்து கிடந்தது. கிணற்றடி ஒரு தோட்டமாகியிருந்தது. மார்கழி மப்புக்குப் பதில் மாசுமறுவற்ற நீல வானம்! முதல் வாரத்தில் அழைப்பு மணி ஓயவில்லை.

ஆவடியிலிருந்து ஒரு குடும்பம் நேரில் வந்தது. கணவன், மனைவி, கணவனின் தாயார். அந்த அம்மாள் முன்னறையின் நடுவே நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இதுதானா அந்த ஹால்?" என்று மட்டும் கேட்டார். அக்கா நீட்டிய மோரைக்கூட வாங்கிக்கொள்ளாமல் ஐந்து நிமிடத்தில் புறப்பட்டுவிட்டனர். அடுத்து வந்த மூவரும் ஏறக்குறைய அப்படியே. அக்காவுக்கு வீடு விலை போகாதது பெரிதாகத் தோன்றவில்லை. "நாம என்னமோ ஏமாத்தின மாதிரி பாத்துட்டுப் போறாங்கடா தம்பி" என்றார். நாற்பத்தைந்து ஆண்டுகள் அந்தத் தெருவில் ஒருவரிடம் ஒரு சொல் வாங்காதவர்.

பிழை வீட்டில் இல்லை, படத்தில் இருந்தது. இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் 1 என்றும் 0.5 என்றும் இரு குறிகள் தெரியும். இரண்டாவது, மிக அகலமாகப் பார்க்கும் கண்ணாடிவில்லை. சிறிய அறையின் நான்கு சுவர்களையும் ஒரே படத்துக்குள் அடக்கிவிடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அருகிலுள்ள பொருள் பூதாகாரமாகும், எதிர்ச்சுவர் எட்டாத தொலைவுக்கு ஓடிப்போகும், ஓரத்துக் கட்டில் படகுபோல் நீளும். அறை பெரிதென்று கண் நம்பிவிடுகிறது. நேரில் வந்து நிற்கும்போது, அறை இருக்கும் அளவைவிடவும் சிறியதாகத் தோன்றுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்குக் குறைவான அறையன்று. அதைச் சத்திரமாகக் காட்டியதால்தான் அது அந்த அம்மாளுக்குச் சந்தாகத் தெரிந்தது.

ஆகவே படங்களை நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். எனக்குப் படமெடுப்பதில் முப்பது ஆண்டுப் பழக்கம் உண்டு. பிலிம் சுருள் காலத்தில் முப்பத்தாறு படம் முடியும்வரை என்ன விழுந்திருக்கிறதென்றே தெரியாது. இப்போது எடுத்த நொடியில் தெரிகிறது, செலவும் இல்லை. அந்தச் சௌகரியமே நம்மை அவசரக்காரர்களாக்கி விட்டது என்பது என் எண்ணம்.

முதல் வேலை கைப்பேசியோடு அன்று, துடைப்பத்தோடு. நம் வீடுகளில் பொருள் சேர்ந்துவிடும். பழைய செய்தித்தாள், உடைந்த மிக்சி, பண்டிகைக்கு மட்டும் இறங்கும் அண்டா, யாரோ கொண்டுவந்து வைத்த நெகிழிக் குடங்கள். இவற்றைக் காலி செய்ய எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. பழைய இரும்புக்காரருக்கு மூன்று நடை. அக்காவுக்கு ஒவ்வொரு பொருளிலும் ஒரு கதை இருந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. எப்படியும் திருச்சிக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலைதான் அது. கொடியில் துணி, கதவின் பின்னால் தொங்கும் பைகள், குளியலறை வாளிகள், சமையல் மேடையில் எண்ணெய்க் குப்பிகள், இவை நான்கும் கண்ணுக்கு மறைந்தாலே வீடு பாதி தெளிந்துவிடுகிறது. வெள்ளையடித்தோமா என்றால் இல்லை. சமையலறையில் புகை படிந்த ஒரு சுவருக்கு மட்டும் அடித்தோம். தண்ணீர் ஊறிய சுவருக்கு அடிக்க வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அந்தக் கதைக்குப் பின்னர் வருகிறேன்.

சுவரில் மாட்டியிருப்பவற்றை என்ன செய்வது? முன்னறையில் திரு இருதய ஆண்டவர் படமும் அதன் கீழே சிறு விளக்கும் இருந்தன. "வாங்க வர்றவங்க யாரோ எவரோ, இதை எடுத்துட்டுப் படம் பிடிக்கலாம் மாமா" என்றான் மருமகன். அக்கா ஒப்பவில்லை. நானும் ஒப்பவில்லை. வாங்குகிறவர் சுவரைத்தான் வாங்குகிறார், படம் நம்மோடு வரும் என்பது எவருக்கும் தெரியும். ஆனால் பேரப்பிள்ளைகளின் புகைப்படங்களை மட்டும் இறக்கி வைத்தோம். குழந்தைகளின் முகம் ஊரறியாத இணையத்தில் உலவ வேண்டியதில்லை. பீரோ எந்த மூலையில் இருக்கிறது, பின்கதவுக்கு எந்தப் பூட்டு என்பதெல்லாம் படத்தில் தெரியாதபடியும் பார்த்துக்கொண்டோம். தனித்திருக்கும் மூதாட்டியின் வீடல்லவா?

வெளிச்சத்தைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் படத்தின் உயிர் அதிலிருக்கிறது. கிழக்குப் பார்த்த வீட்டைக் காலையில் எடுங்கள். மேற்குப் பார்த்த வீட்டை மாலை மூன்று மணிக்குமேல் எடுங்கள். இது எவருக்கும் தெரிந்ததே. வடக்குப் பார்த்த வீடுதான் சிக்கல். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி நண்பகற் சூரியன் நமக்குத் தெற்கேதான் நிற்கும். சித்திரை நடுவிலிருந்து ஆவணித் தொடக்கம் வரையில்தான் அது உச்சியைத் தாண்டி வடபுறம் சாயும். ஆகையால் மார்கழியிலும் தையிலும் வடக்கு வாசல் வீட்டின் முகம் நாள் முழுதும் நிழலில் கிடக்கும், பின்னால் வானம் வெளுத்து எரியும். அந்த வேளையில் எடுத்த படத்தில் வீடு கறுப்புப் பெட்டியாகவே விழும். அக்காவின் வீடு வடக்கு வாசல். எடுத்ததோ தை மாதம்.

இதற்கு இரண்டு வழிகள். மெல்லிய மேகம் மூடிய நாளுக்குக் காத்திருப்பது ஒன்று. வானமும் சுவரும் ஒரே அளவாக ஒளிரும். மற்றொன்று, சூரியன் மறைந்தபின் கால்மணி, இருபது நிமிடம். வானத்தில் நீலம் எஞ்சியிருக்கும்போது வீட்டின் விளக்குகளை எல்லாம் ஏற்றி, எதிர்வீட்டுத் திண்ணையில் கைப்பேசியை அசையாமல் ஊன்றி எடுப்பது. அமெரிக்காவில் ஜூலியஸ் ஷுல்மன் என்ற புகைப்படக் கலைஞர் 1960இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் குன்றொன்றின் மேலுள்ள கண்ணாடி வீட்டை இரவில் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. பியேர் கேனிக் என்பவர் வரைந்த வீடு அது. கீழே விரியும் நகரத்தின் விளக்குகள் நன்றாகப் பதியும்வரை பொறுத்திருந்து, அதன்பிறகே உள்ளே அமர்ந்திருந்த பெண்கள் மீது மின்னொளி பாய்ச்சினாராம். வெங்கடாபுரத்து வீட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பொறுத்திருந்தார் என்பதுதான் சம்பந்தம். நாங்களும் மூன்று மாலைகள் எதிர்வீட்டுத் திண்ணையில் காத்திருந்தோம். மூன்றாம் நாள் வீட்டின் முன்விளக்கு மஞ்சளாக எரிய, வேப்பமரம் நிழலாய் நிற்க, வானத்தைப் பூசி மாற்றாமலேயே ஒரு படம் கிடைத்தது. அதையே முதற்படமாக வைத்தோம்.

உள்ளறைகளுக்குச் சில குறிப்புகள் போதும். 0.5ஐத் தொடாதீர்கள். அறையின் வாசலிலோ மூலையிலோ நின்று, கைப்பேசியைக் கிடைமட்டமாக, கதவுத் தாழ்ப்பாள் உயரத்தில் பிடியுங்கள். கண் உயரத்தில் பிடித்துக் கீழ்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் உள்ளே சரிவதுபோல் விழும். கதவின் நிலைச்சட்டம் படத்தின் ஓரத்துக்கு இணையாக நேராக நிற்கிறதா என்று பாருங்கள், மற்றவை தாமே சரியாகும். எல்லாச் சன்னல்களையும் திறந்துவிட்டுப் பகல் வெளிச்சத்திலேயே எடுங்கள். வெள்ளைக் குழல்விளக்கும் மஞ்சள் பல்பும் பகல் வெளிச்சமும் கலந்தால் சுவர் ஒருபுறம் நீலமாகவும் மறுபுறம் மஞ்சளாகவும் தெரியும். ஒரே படத்தில் அறை முழுவதும் அடங்கவில்லையா? இரண்டு படம் எடுங்கள். அடங்காத அறையை அடக்கப் போய்த்தானே முதல் தவறு நேர்ந்தது.

இன்னொன்று. இருபது படங்களைவிட ஒரு வரைபடம் மேலானது. ஒரு வெள்ளைத் தாளில் அறைகளைக் கோடிட்டு, ஒவ்வொன்றின் நீள அகலத்தையும் அடியில் குறித்து, வடக்கு எது என்று அம்பு போட்டு, அதையும் படமாக்கி மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள். வருகிறவர் தம் கட்டிலும் பீரோவும் எங்கே நிற்கும் என்று வீட்டிலிருந்தே கணக்குப் பார்த்துக்கொள்வார். பத்திரத்தையும் ஆதார் அட்டையையும் மட்டும் படமெடுத்து இணையத்தில் போட்டுவிடாதீர்கள். சிலர் நம்பிக்கை உண்டாக்குவதாக நினைத்து அதையும் செய்கின்றனர். பட்டா, வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம் இவையெல்லாம் நேரில் வந்து உட்கார்ந்து பேசுகிறவருக்குக் காட்ட வேண்டியவை. பிறர் வீட்டுப் படங்களைத் திருடி, தம் வீடென்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு மறைகிறவர்களும் இந்நாளில் உண்டு. ஆகவே ஒவ்வொரு படத்தின் நடுவிலும் மெல்லிய எழுத்தில் ஒரு குறிப்பைப் பதித்துவிடுவது நல்லது.

இனித் தண்ணீரின் கதை.

வீட்டை ஒழித்தபோது ஒரு பழைய ஆல்பம் கிடைத்தது. 1984இல் மருமகளின் புதுநன்மை. வெள்ளை உடையும் தலையில் பூமுடியுமாக, கையில் மெழுகுதிரியோடு குழந்தை வாசற்படியில் நிற்கிறாள். அவளுக்குக் கீழே இரண்டு படிகள், அதற்கும் கீழே தெரு. ஆக மூன்று படிகள். அக்கா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தார். இப்போது இருப்பது ஒரு படி. அதிலும் பாதி தாருக்குள் புதைந்திருக்கிறது. வீடு கீழே இறங்கவில்லை. சாலைதான் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. அதற்குள் எங்கள் தெருவில் இரண்டு படிகள் மறைந்துவிட்டன. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி எங்கும் பழைய வீடுகளுக்கு நேர்ந்திருப்பது இதுவே. ஏரிகளும் அவற்றின் கால்வாய்களும் நிறைந்த நிலம் இது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எந்தத் தெருவில் எவ்வளவு நின்றது என்பதை இந்த வட்டாரத்தில் வீடு தேடுகிறவர் எவரும் கேட்காமல் விடுவதில்லை.

மிக்ஜாம் தண்ணீர் அக்கா வீட்டின் முன்னறையில் முழங்காலுக்குக் கீழே நின்றது. சுவரில் அந்தக் கோடு பழுப்பாக இன்னும் தெரிந்தது. ஒரு வாளி வெள்ளை போதும், மறைத்துவிடலாம்.

மருமகன் அதைத்தான் சொன்னான். "அந்தக் கோட்டைக் காட்டினா விலை போயிடும் மாமா. கேட்டா சொல்லுவோம், கேக்கலைன்னா நாமா எதுக்குச் சொல்லணும்?" அவன் கெட்டவனல்லன். தாயின் மருத்துவச் செலவை நினைத்துத்தான் பேசினான். அவன் சொன்னதில் ஒரு நியாயமும் இருக்கத்தான் செய்தது. விற்பவர் தம் பொருளின் குறையைப் பறையறைந்து சொல்ல வேண்டுமா என்ன?

சட்டம் இதற்கு விடை சொல்கிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, சொத்திலோ அதன் உரிமையிலோ உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் அவர் கண்டுபிடிக்க இயலாததாகவும் இருந்தால், விற்பவர் அதை வெளியிடக் கடமைப்பட்டவர் என்கிறது. வெளியிடாமல் விடுவது மோசடியாகும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. சுவரில் கோடு வெளிப்படையாக இருந்தால் அது பார்ப்பவர் கண்ணுக்குப் படும் குறை. அதன்மேல் வெள்ளையடித்துவிட்டால்? குறையைக் கண்டுபிடிக்க முடியாததாக ஆக்கியது நாமே என்றாகிறது. வெள்ளையடித்த சுவரின் அழகிய படம் அந்த மறைப்புக்குச் சாட்சியாகவும் நின்றுவிடக்கூடும்.

அடுக்குமாடி கட்டி விற்பவர்களுக்கு இதைவிடக் கடுமையான விதி உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ ரயில் பாதையின் தூண்களை ஒட்டி எத்தனை விளம்பரப் பலகைகள்! அவற்றிலுள்ள நீச்சற்குளமும் பசும்புல்லும் படமல்ல, கணினியில் தீட்டிய சித்திரம். 2016ஆம் ஆண்டு வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ கண்ட பொய்யான விவரத்தை நம்பி முன்பணம் கொடுத்து ஒருவர் இழப்படைந்தால், கட்டுநர் ஈடு செய்ய வேண்டும். அவர் விலகிக்கொள்ள விரும்பினால் முழுப் பணத்தையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். விளம்பரத்தில் திட்டத்தின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே புது வீடு முன்பதிவு செய்கிறவர்கள் அந்த விளம்பரத் தாளைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் இச்சட்டம் திட்டமிட்டுக் கட்டி விற்பவர்களுக்கு. தம் சொந்தப் பழைய வீட்டை விற்கும் அக்காவைப் போன்றவர்களுக்கு 1882ஆம் ஆண்டுச் சட்டமே.

நான் இவற்றையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கையில் அக்கா குறுக்கிட்டார். அவருக்குச் சட்டம் தேவைப்படவில்லை. "தண்ணி வந்ததைச் சொல்லாம வித்துட்டு, அடுத்த மழைக்கு அந்த வீட்டுப் புள்ளைங்க கட்டில் மேல உக்காந்து ராத்திரி பூரா முழிச்சிருக்கும்போது, நான் திருச்சியில தூங்கவா?" என்று கேட்டார். மருமகன் அதன்பின் பேசவில்லை.

எனவே இன்னும் ஐந்து படங்கள் எடுத்தோம். சுவரின் கோடு, அதனருகில் ஓர் அடிக்கோல். வாசற்படியும் சாலையும் ஒருசேரத் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து ஒன்று. புயலுக்குப்பின் அக்கா செய்வித்த மாற்றங்களும் இருந்தன. தண்ணீர்த் தொட்டியின் வாயை இரண்டடி உயர்த்திக் கட்டியது, மோட்டாரை மேடைமேல் ஏற்றியது, மின்பெட்டியைத் தோள் உயரத்துக்கு மாற்றியது. குறையைக் காட்டும்போது அதற்குச் செய்ததையும் காட்டத்தானே வேண்டும்? கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்பதையும் எழுதினோம். 1984ஆம் ஆண்டுப் படத்தைப் போடவில்லை. அது குடும்பத்தின் படம்.

அழைப்புகள் முன்புபோல் வரவில்லை. முதல் மாதம் ஆறே பேர். அவர்களில் மூவர் தண்ணீர்க் கோட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றனர். மருமகன் தொலைபேசியில் பெருமூச்சு விட்டான். உண்மையைச் சொன்னால் உடனே நல்லது நடக்கும் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் நடந்தது அப்படியன்று. மூன்று மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. அக்கா அதற்குள் திருச்சிக்குப் போய்விட்டார். வாரம் ஒருமுறை நான் போய்ச் சன்னலைத் திறந்து வேப்பஞ்சருகைக் கூட்டிவிட்டு வந்தேன்.

நான்காம் மாதம் மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரியும் பெண், அவர் கணவர் ஓட்டுநர். கணவரின் தகப்பனார் திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருந்தார். கட்டட மேஸ்திரி வேலை பார்த்தவர். மகன் அனுப்பிய எங்கள் படங்களைக் கடையில் தாளில் அச்செடுத்துக்கொண்டு, ஒரு காலை நேரத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார். நான் ஒன்றும் பேசவில்லை. அவர் ஒவ்வோர் அறையிலும் நின்று, தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், நாடாவைப் பிடித்தார். வரைபடத்தில் நான் குறித்த ஓர் அளவில் மூன்றங்குலம் பிழை என்று கண்டுபிடித்துச் சொன்னார். சுவரின் கோட்டருகே குனிந்து நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

"கோடு படத்துல இருந்த எடத்துலயேதான் இருக்குது" என்றார்.

பிறகு வாசலில் உட்கார்ந்துகொண்டு, வீட்டை ஜாக்கி வைத்து மூன்றடி தூக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டார். சென்னையில் இப்போது பல பழைய வீடுகளை அப்படித் தூக்குகிறார்கள். அடித்தளத்துக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளைப் பொருத்தி, சிறிது சிறிதாக உயர்த்தி, இடைவெளியைக் கட்டி நிரப்புவது. அந்தச் செலவில் பாதியை விலையில் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் முழுவதையும் குறைக்கச் சொன்னார். "முழுசும் வேணாம்மா, பாதி போதும்" என்று பெரியவர் மறுத்தார். விலை பேசும் இடத்தில் இப்படியொரு வழக்கை நான் கேட்டதில்லை. இறுதியில் பாதிக்குச் சற்று மேலாக முடிந்தது. தொடக்கத்தில் மருமகன் எதிர்பார்த்த தொகையைவிட அது குறைவுதான். அதை மறைப்பதற்கில்லை.

பத்திரப் பதிவுக்காக அக்கா திருச்சியிலிருந்து வந்தார். விற்பவர், வாங்குபவர் இருவரின் புகைப்படமும் விரல்ரேகையும் ஆவணத்தில் இடம்பெற வேண்டும் என்பது பதிவுச் சட்டத்தில் 2001இல் சேர்த்த விதி. சார்பதிவாளர் அலுவலகத்தில் கணினியின் முன் ஒரு சிறிய கேமரா இருந்தது. அதன் எதிரே ஊன்றுகோலைப் பிடித்தபடி அக்கா உட்கார்ந்தார். பின்னாலிருந்து குழல்விளக்கு, முகத்தில் நிழல். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமலிருந்தேன்.

படம் திரையில் விழுந்தது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, வீட்டை மூணு நாள் காத்திருந்து எடுத்தே. என்னை எடுக்க ஒரு நிமிஷம்தானா?" என்றார்.

வெளியே வந்ததும், அலுவலகத்து வாசலில் புங்கமரத்தின் மெல்லிய நிழலில் அவரை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். பெரியவரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார், கையில் அந்த அச்செடுத்த தாள்களோடு.